கன்னையாவின் கட்டைவிரல்

கொதிக்கிற பானைக்குள் அகப்பையை விட்டு, ஒரு பருக்கையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குகிறார் கன்னையா. நசுக்கியதை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "பாத்தீங்களா கெராணி ஐயா, நடுவுல வெள்ளப் புள்ளி நிக்குது. இன்னும் ஒரு கொதி வரணும்லா." எனக்குப் புள்ளியும் தெரியவில்லை, பொட்டும் தெரியவில்லை. பசி மட்டும்தான் தெரிகிறது. "எறக்குங்கய்யா, வயிறு கத்துது" என்று நான் சொன்னால், "உங்க வயிறு கத்துறது எனக்குக் கேக்குது, அடுப்புக்குக் கேக்கலியே" என்று விறகை இழுத்துத் தணலைக் குறைக்கிறார்.

அடுப்பு என்னுடையது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நானும் டிரஸ்ஸர் சபாபதியும் சேர்ந்து எடுத்திருக்கும் பலகை வீட்டின் அடுப்பு அது. சபாபதிக்குப் பெரியாஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் வேலை, எனக்கு ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியாது. வாரநாட்களில் நாங்கள் ஆக்குவதைத் தெருப்பூனை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு எங்கள் வாசல் பக்கமே அது வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த அடுப்பு கன்னையாவுக்குச் சொந்தம்.

ஆள் குட்டை. வெயிலில் வெந்த தோள்பட்டை. கிள்ளானில் ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வீடு, தண்டவாளம் செப்பனிடும் கேங்கில் வேலை. சின்ன வயதில் பாதையோரம் கூடாரம் போட்டுத் தங்கிய காலத்தில், ஆளுக்கொரு நாள் சமையல் என்று முறை வைத்தார்களாம். கன்னையாவின் முறை வந்த மறுநாள், "நீயே இருந்துக்கடா" என்று மொத்தக் கேங்கும் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டது. நான் அப்போது கிள்ளானில் கிராணி. அந்தச் சோற்று வாசனையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் இவரோடு சிநேகம் ஆனேன். மாற்றலாகிக் கோலாலம்பூர் வந்தபோது ஊரை விட்டு வந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை, சாப்பாட்டை விட்டு வந்த மாதிரிதான் இருந்தது.

தாளிக்கும்போது அவர் யாரோடும் பேச மாட்டார். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார், ஆவியில் முகத்தைக் காட்டி, "கொறயுது" என்பார். அடுப்பைத் திட்டுவார், கொஞ்சுவார். "இந்தா, இப்ப என்னாத்துக்கு இம்புட்டுக் கோவம்?" என்று அவர் கேட்டால் அது எனக்கா, அவர் மனைவி தனலெட்சுமிக்கா, விறகுக்கா என்று நாங்கள் திரும்பிப் பார்ப்போம். பெரும்பாலும் விறகுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தோடு பட்டணம் பார்க்க வருவது சப்பான் சண்டைக்கு முன்னாலிருந்தே அவருடைய பழக்கம். சப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரன் போனான், கடைகளில் சாமான் போயிற்று, சினிமாக் கொட்டகையில் தமிழ்ப் படம் இல்லாமல் போயிற்று. கன்னையாவின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. கிள்ளானில் வண்டி ஏறி, தனலெட்சுமியை ஜன்னலோரம் உட்காரவைத்து, மகள் செல்லத்தையும் மகன் முனியனையும் இரண்டு பக்கம் வைத்து, மடியில் அடுக்குத் தூக்கோடு வந்து இறங்குவார். ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் சப்பான் காவல்காரனுக்கு எல்லாரும் இடுப்பு வளைய வணங்க வேண்டும். கன்னையாவும் வளைவார். ஆனால் தூக்கைப் பிடித்த கை மட்டும் விறைப்பாக நேரே நிற்கும். "நான் குனியலாம், கொழம்பு குனியப்படாது" என்பது அவர் நியாயம்.

"இப்பப் பட்டணத்துல பாக்க என்னய்யா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன், லேக் கார்டன்ல கொளம் இருக்கு, மரம் இருக்கு, நீங்க இருக்கீங்க. வெள்ளக்காரன் கொளத்தக் கட்டித் தூக்கிக்கிட்டா போயிட்டான்? ஆறு நாளும் கெழங்கத் தின்னுட்டு வெயில்ல சாவுறோம். ஒரு நாளாச்சும் பொண்டாட்டி புள்ளைங்களோட பட்டணத்துக்காரனாட்டம் இருந்துட்டுப் போறோமே லா."

தூக்கில் வருவதும் அதே கிழங்குதான். ஆனால் அந்த மரவள்ளியைத் துருவிப் பிழிந்து காயவைத்து மாவாக்கி, புட்டாகவும் இடியாப்பமாகவும் கொண்டுவருவார். கங்கோங் கீரையில் வறுத்த கடலையைப் பொடித்துப் போடுவார். செம்பனை எண்ணெயின் வாடையை வெங்காயத்தோலைக் கருகவிட்டு அடக்குவார். நெத்திலி கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. எங்கள் வீட்டில் அவற்றைச் சூடு பண்ணி, எல்லாரும் சாப்பிட்டு, பிறகு குளக்கரைக்கு நடப்போம். அந்த நாட்களில் வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

சப்பான்காரன் வந்த மூன்றாம் வருஷம் தனலெட்சுமிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்க வேண்டிய அவள் தாயார் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தாள், கப்பல் கிடையாது. லயத்து மருத்துவச்சி வந்து குழந்தையை எடுத்துக் கொடுத்து, பத்தியத்தை ஒருமுறை ஒப்பித்துவிட்டுப் போய்விட்டாள். வாயு வரும், கிழங்கு கூடாது. குழந்தைக்கு மாந்தம் வரும், கீரையும் பயறும் கூடாது. கடலை கூடாது, மீன் கூடாது. வெள்ளைச் சோறு, மிளகு பூண்டு ரசம், அவ்வளவுதான். சமையற்காரர் காதில் விழுந்த சொல் அல்லவா? கன்னையா அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டார்.

பங்கீட்டில் வருகிற அரிசி கொஞ்சம்தான். அது முழுவதும் தனலெட்சுமிக்கு. மற்றவர்களுக்குக் கிழங்கும் கீரையும். குழந்தைகள் தாயின் தட்டை எட்டிப் பார்த்தால் கன்னையா அதட்டுவார். அந்த அரிசியோ, புழு வராமலிருக்கச் சுண்ணாம்பு கலந்து வரும் அரிசி. அதைத் தண்ணீர் பளிங்காகத் தெளியும்வரை கழுவுவார். பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பச்சை உடம்புக்குச் சீதளம் ஆகாது என்று கஞ்சியை ஒட்ட வடித்துவிடுவார். வடித்த கஞ்சியைச் செல்லமும் முனியனும் உப்புப் போட்டுக் குடிப்பார்கள். தட்டில் விழுகிற சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்குமாம். அப்படி ஒரு சோற்றை அந்த வருஷத்தில் கிள்ளானில் எவரும் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

பத்தியக் காலம் முடிந்தது. தனலெட்சுமியின் உடம்பு தேறவில்லை. கால் லேசாக ஊதியது. "பேறுகாலத்து நீர், வடிஞ்சிரும்" என்றாள் மருத்துவச்சி. கன்னையா பத்தியத்தை நீட்டினார். வீக்கம் ஏறியது. இன்னும் நீட்டினார். கிழங்கு தின்ற பிள்ளைகள் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாட, சோறு தின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பட்டணம் வந்தால் மனசு மாறும் என்று, பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் வண்டியேற்றிக் கூட்டிவந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அவள் படியில் காலை வைக்கிறாள், கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த குழந்தையை வாங்கினேன். அது அழுதுகொண்டிருந்தது. வாய் அகலத் திறந்திருக்கிறது, முகம் சிவந்திருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. சளி பிடித்த பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சு, அவ்வளவுதான். ஐயோ, அதை நான் மறக்கவே மாட்டேன்.

கன்னையா மனைவியை முதுகில் சுமந்துகொண்டார். செல்லம் தூக்கை எடுத்துக்கொண்டாள், முனியன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். முதுகுச் சுமையோடு அவர் வளைந்தே நடந்ததால் காவல்காரனுக்குத் தனி வணக்கம் தேவைப்படவில்லை. அவனும் விலகி வழிவிட்டான்.

சபாபதி வீட்டில் இருந்தான். தனலெட்சுமியைக் கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். எடுத்தான். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் அங்கே ஒரு குழி. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். குழி தூர்ந்து மறையவில்லை.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டான்.

கன்னையாவுக்கு அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை வந்தது. "வெறும் சோறுதான் டிரஸ்ஸர் ஐயா. கெழங்கு கண்ணுல காட்டல. வீட்டுக்கு வர்ற அரிசி அத்தனையும் இவளுக்குத்தான். நல்லாக் கழுவி, கஞ்சிய ஒட்ட வடிச்சு..."

சபாபதி சாது. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டான். "ஏன்யா, நீ இவளுக்குப் போட்டது சோறா? சக்கை! அரிசியோட சத்துல பாதி மில்லுல போச்சு. மிச்சத்தக் கழுவி ஊத்தி, கஞ்சில வடிச்சிட்ட. கீரையும் கடலையும் தின்னீங்க, கஞ்சியக் குடிச்சீங்க, நீங்க நல்லாருக்கீங்க. வெறுஞ்சோறு தின்னவ இவ ஒருத்திதான். இது பெரிபெரி. பால் வழியா கொழந்தைக்கும் அதே கொறைதான். அதான் தொண்ட கட்டிக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா ரெண்டு பேரும் தங்க மாட்டாங்க."

கன்னையா அடுப்படியில் போய்க் குந்திக்கொண்டார். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டார். "நல்லத எல்லாம் இவளுக்குத்தானே ஐயா எடுத்து வச்சேன். அப்ப... நாந்தான் கொன்னுக்கிட்டு இருந்தேனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "இப்ப யாரு செத்துட்டா? இவரு ஒருத்தரு! டிரஸ்ஸர் ஐயா என்னா செய்யணும்னு கேட்டுட்டு வந்து, அழுவுறதுன்னா அப்பறமா அழுவுங்க."

ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. "தவிடு கிடைக்குமா பாருங்க" என்றான் சபாபதி. "இன்னிலருந்து நீங்க திங்கற கீரை, கடலை, பயறு எல்லாம் அவளுக்கும். ஆனா மொதல்ல தவிடு. அதுதான் மருந்து."

தவிடு எங்கள் சந்தின் கோடியில் இருந்தது. பால்காரப் பக்கிரிசாமி தம் மாடுகளுக்காக நெல் விளைகிற பக்கத்திலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். முசுட்டு மனிதர். மாட்டைத் தவிர வேறு யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டார். அந்தக் காலத்தில் தவிடும் சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. தனலெட்சுமியை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு கன்னையா போனார். குழந்தையோடு நானும் போனேன். விஷயத்தைக் கேட்டதும் பக்கிரிசாமி ஒரு மூட்டையை இழுத்து முன்னால் போட்டார்.

கன்னையா எடுக்கவில்லை. "சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்ல அண்ணே. உங்க மாட்டு வாயிலேருந்து புடுங்கற மாதிரி இருக்கு."

பக்கிரிசாமி குழந்தையைப் பார்த்தார். அது மறுபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது.

"சும்மா எவன் குடுத்தான்?" என்று உறுமினார். "புள்ளைய இங்க வையி. தவுட்டுக்கு நான் வாங்கிக்கறேன்."

நம்மவர்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. ஒரு குழந்தை தங்குமோ தங்காதோ என்று இருந்தால், அக்கம்பக்கத்தில் ஒருவர் மடியில் போட்டு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டுக்குப் போன பிள்ளைதானே என்று எமன் அலட்சியமாக விட்டுவிடுவான் என்று நம்பிக்கை. பிள்ளைகளைக் கேலி செய்ய, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லாத வீடு உண்டா? ஆனால் அன்றைக்கு அந்தத் தொழுவத்தில் யாரும் கேலி செய்யவில்லை. தனலெட்சுமி குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, பால்காரர் மடியில் போட்டாள். பக்கிரிசாமி கன்னையாவின் துண்டை விரிக்கச் சொன்னார். வழக்கத்துக்கு ஒரு பிடி போதும். அவர் துண்டு கொள்ளாமல் சரியும்வரை படியால் அள்ளிக் கொட்டினார்.

"இப்ப இது எம்புள்ள" என்றார். "எனக்குப் பொம்பள இல்ல, வளக்க ஆள் இல்ல. நீங்க வளத்துக் குடுங்க. தீனி நான் குடுப்பேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கொண்டாந்து காட்டிட்டு, தவுட்ட எடுத்துக்கிட்டுப் போவணும். ஒரு வாரம் வரலன்னாலும் கிள்ளானுக்கு வந்துருவேன், ஆமா."

அவர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன். பட்டணம் பார்க்க வந்துகொண்டிருந்த குடும்பம் அன்றிலிருந்து தவிடு வாங்க வந்தது.

கன்னையா இப்போது தவிட்டோடு மல்லுக்கு நின்றார். சலித்தார். பச்சை வாடை போகும்வரை வறுத்தார். தேங்காய்த் துருவலும் தென்னஞ்சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்தார். தனலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாட்டுக்கு வைக்கறத எனக்கு வைக்கறீங்களா? பாசார்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க." கன்னையா ஓர் உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். செல்லத்துக்கும் முனியனுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்கு நீட்டினார். நான் தின்றுவிட்டு, "பிரமாதம்" என்று பொய் சொன்னேன். ஒரு மாதம் போனபின் அதே வார்த்தையைச் சொன்னேன், அப்போது அது பொய்யாக இல்லை. எல்லாரும் தின்பதைப் பார்த்துத்தான் அவள் வாங்கினாள். குழந்தைக்குத் தவிட்டை ஊறவைத்து வடிகட்டிய நீரைச் சபாபதி சொன்ன அளவில் சங்கில் புகட்டினார்கள்.

குரல் திரும்பிய கதையைக் கன்னையா நடித்தே காட்டுவார். வண்டி பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியதும் குழந்தை திடீரென்று வீரிட்டதாம். பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். தூக்கம் கலைந்த ஒருவர், "பாலக் குடுத்து அடக்கக் கூடாதாம்மா?" என்று வள்ளென்று விழுந்தாராம். கன்னையா எழுந்து அவர் முன்னால் கைகூப்பி நின்றாராம். "மன்னிக்கணும் அண்ணே. கத்திட்டுப் போறான், விடுங்க லா. இவன் கத்தி நாங்க கேட்டு ரொம்ப நாளாச்சு." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். கண் வேறு வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இப்போது சப்பான்காரன் போய்விட்டான். சுண்ணாம்பு இல்லாத அரிசி கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டுகிறது. ஆனாலும் கன்னையாவின் பானையில் பாதிதான் அரிசி, மீதி மரவள்ளித் துண்டு. கஞ்சி வடிகிற இடத்தில் ஒரு மங்குக் கிண்ணம் காத்திருக்கும், ஒரு சொட்டும் தரைக்குப் போகாது. தவிடன் என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பயல் நடக்கிறான், விழுகிறான், ஊரைக் கூட்டுகிறான். ஸ்டேஷனிலிருந்து நேரே பக்கிரிசாமியின் தொழுவத்துக்குத்தான் ஓட்டம். அந்த முசுடு அவனை எருமையின்மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பானை இறங்கியதும் முதல் அகப்பை பக்கிரிசாமிக்கு, இரண்டாவது சபாபதிக்கு. அடுப்புக்குச் சொந்தக்காரனான எனக்கு மூன்றாவதுதான். முணுமுணுப்பேன். ஆனால் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். பட்டினிக் காலத்தில் எனக்கு வாரம் ஒருநாள் ஒரு குடும்பம் இருந்தது. எத்தனை பேருக்கு அது வாய்த்தது?

இதோ, பருக்கையில் புள்ளி மறைந்துவிட்டது போலிருக்கிறது. பானை இறங்குகிறது. வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். பக்கிரிசாமி மடியில் தவிடன். தனலெட்சுமி சுவரில் சாய்ந்து, நடந்த களைப்பில் காலை நீட்டியிருக்கிறாள். முதல் அகப்பையை எடுக்க வேண்டிய கன்னையா, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் காலடியில் குந்துகிறார். சேலைக் கரையைச் சற்றே விலக்கி, கட்டைவிரலை எலும்பின்மேல் வைத்து அழுத்துகிறார். விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். நாங்களும் பார்க்கிறோம். குழி விழவில்லை.

"ஒவ்வொரு வாரமும் இதே வேல. பானைச் சோறா இது, பதம் பாக்க? எல்லாரும் பசியோட குந்தியிருக்காங்க" என்று தனலெட்சுமி காலை இழுத்துக்கொள்கிறாள்.

கன்னையா மற்றக் காலையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அகப்பையைக் கையில் எடுக்கிறார்.